மொட்டை அலமாரிகள்

தென்காசியில் செங்கோட்டை ரோட்டோரம் ஓர் ஓட்டுக் கொட்டகை. அதற்குள் 1961-ஆம் வருஷம் பங்குனி மாதத்திலிருந்து இரண்டு மர அலமாரிகள் தலையில்லாமல் நின்றுகொண்டிருந்தன. இடுப்பு உயரம், ஆளுக்கு நாலு இழுப்பறை, கீழே இரட்டைக் கதவு. ஸ்பேனர் எதில், ஸ்பிரிங்கும் வால்வும் எதில் என்று யோசித்து யோசித்துச் செய்யச் சொன்னவை. இரண்டையும் சேர்த்து மேலே ஒரு பலகையையோ கல்லையோ போட்டுவிட்டால் அது மோட்டார் பட்டறை. போடாதவரை வெறும் கொட்டகைதான். போடவேண்டியவன் செல்லச்சாமி. சித்திரை போய் வைகாசி வந்தது, வைகாசி போய் ஆனியும் வந்தது, அவன் போட்டபாடில்லை.

"நம்ம ஊருக் கோயில் கோபுரமும் மொட்டை, செல்லச்சாமி அலமாரியும் மொட்டை. எது முதல்ல தலை முளைக்குன்னு பாப்போம்" என்று காப்பிக்கடையில் பந்தயம் கட்டாத குறை. கோபுரத்துக்காவது ஊரார் ஆயிரம் காரணம் வைத்திருந்தார்கள். அலமாரிக்கு என்ன காரணம் என்று ஒருவருக்கும் தெரியாது.

செல்லச்சாமியை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அண்ணன் தம்பிகள் எல்லாம் போலீசில் சேர்ந்து மீசை வளர்க்க, இவன் ஒருவன் மட்டும் சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்குப் போய், துப்பாக்கியை விட்டுவிட்டு லாரியைக் கழற்றப் படித்துக்கொண்டு வந்தவன். திரும்பி வந்ததும் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் பதினோரு வருஷம் பிட்டர் வேலை. பஸ் தெருமுனை திரும்பும்போதே கோளாறு எங்கே என்று சொல்லுகிற காது, மயிரிழை பிசகையும் தொட்டுச் சொல்லுகிற விரல். இடக்கைப் பழக்கம் உள்ளவன். கார்புரேட்டரை வலது கையில் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் திருப்புளியைத் திருகுவான். "நொட்டாங்கைக் காரன் தொட்டா வண்டி நிக்காது" என்று டிரைவர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்டவன் மாசி மாதத்தில் ஒருநாள் மேனேஜரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டான். சொந்தமாகப் பட்டறை போடப்போவதாகச் சொன்னான்.

மேனேஜரோடு சண்டை என்பது வெறும் சாக்கு. சண்டைக்கு அவனேதான் வலியப் போனான். காரணம் அவனுடைய வலது கையில் இருந்தது.

தை மாதத்தில் ஒருநாள் கையிலிருந்த சின்ன நட்டு நழுவி விழுந்தது. சரி, எண்ணெய்க் கை என்று எடுத்தான். திரும்பவும் விழுந்தது. அப்புறம்தான் தெரிந்தது, சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் அவனுடையவை மாதிரியே இல்லை. கிள்ளிப் பார்த்தான். சட்டை ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்தான். ரத்தம் பொட்டு வைத்தது, வலி வரவில்லை.

விரல் மரத்துப்போனால் என்ன அர்த்தம் என்று அந்தக் காலத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பெரிய வியாதி என்பார்கள், இல்லாவிட்டால் குரலை இறக்கி, "அது" என்பார்கள். குற்றாலத்தில் சீசன் நாட்களில் அருவிக்குப் போகிற பாதையில் அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மொண்ணை விரல்களுக்கிடையில் தகர டப்பா. செல்லச்சாமி எத்தனையோ தடவை அந்த வரிசையைக் கடந்து போயிருக்கிறான், முகத்தைப் பார்க்காமல் டப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டு. இப்போது கண்ணை மூடினால் அந்த வரிசையின் கடைசியில் ஓர் இடம் காலியாகத் தெரிந்தது.

ஷெட்டில் இருபது பேர். இருபது பேரில் ஒருவன் பார்த்துவிட்டால் போதும். அதனால் சண்டை போட்டான், வெளியே வந்தான். தனிக் கொட்டகை என்றால் கையைப் பார்க்க ஆள் கிடையாது. ஆனால் பட்டறை திறந்துவிட்டால் வண்டி வரும், வண்டி வந்தால் வேலை பார்க்க வேண்டும், வேலை பார்த்தால் சாமான் கையிலிருந்து விழும், வண்டிக்காரன் பார்ப்பான். கொட்டகையை வாடகைக்குப் பிடித்த பிறகுதான் இது மண்டையில் உறைத்தது. அன்றிலிருந்து அவனுக்கு நின்ற இடத்தில் கால் பாவவில்லை.

அலமாரிகளைச் செய்தவர் சேக் மைதீன். ஆசாரிமார் தெருவிலேயே அவர் இழைப்புக்குக் கண்ணேறு படும் என்பார்கள். செல்லச்சாமிக்கு அவர் மாமா, அவருக்கு இவன் மாப்பிள்ளை. இரண்டு பேருக்கும் ரத்த சம்பந்தம் ஏதும் கிடையாது, ஊர் வழக்கம் அப்படி. பங்குனியிலேயே அவர் இரண்டு விரற்கடை கனத்தில் வேங்கைப் பலகை ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தார்.

"மாப்ள, இத போடும். உம்ம பேரன் காலம் வரைக்கும் கெடக்கும்."

செல்லச்சாமி பலகையைத் தடவினான். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் வரைக்கும் மரத்தின் ரேகை ஓடியது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

"எண்ணெய் குடிச்சிரும் மாமா. வேண்டாம்."

அடுத்து கடப்பைக் கல். லாரிக்காரன் ஒருவன் மாதிரிக்கு ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தான். நல்ல வெயிலிலும் ஜில்லென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சி மூன்று விரலில் ஏறியது, இரண்டு விரலில் ஏறவில்லை. கல்லின்மேல் சாமான் விழுந்தால் நசுங்கிப்போகும் என்றான். துத்தநாகத் தகடு அடிக்கலாம் என்றார் சேக் மைதீன். தகட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, தூறல் விழுந்த ஓடு மாதிரிச் சத்தம் கேட்கிறது என்றான். சிமிண்டு பூசிச் சிவப்புச் சாயம் போட்டு மெருகேற்றலாம் என்று கொத்தனார் சொன்னார். சாரல் காலத்தில் அது வேர்க்கும் என்றான்.

அவன் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் நியாயமானது. எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் ஆமாம் என்பான். அதுதான் வினை. பைத்தியக்காரத்தனமான காரணம் சொல்லியிருந்தால் யாராவது உட்காரவைத்து, என்னப்பா சங்கதி என்று கேட்டிருப்பார்கள். உண்மையில் அவன் மேசைக்குச் சாமான் தேடவில்லை. அந்த இரண்டு விரலுக்கும் உறைக்கிற மாதிரி உலகத்தில் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தான். செங்கோட்டை மரக்கடைக்குப் போனான், வீரகேரளம்புதூரில் இடித்த வீட்டுக் கதவைப் போய்ப் பார்த்தான், சிவகிரியில் யாரோ கருங்கல் பலகை வைத்திருக்கிறார்கள் என்று பஸ் ஏறினான். போகிற இடத்தில் எல்லாம் முதல் காரியம் வலது கையால் தடவுவது. தடவிவிட்டு ஒரு குறை சொல்லித் திரும்பி வருவது.

"பொண்ணு பாக்கப் போன எடத்துல எல்லாம் சொஜ்ஜி தின்னுட்டு வார மாப்பிள்ளை மாதிரில்லா இருக்கு ஒம்ம கத" என்றார் சேக் மைதீன். "எதத்தான்வே போடச் சொல்லுதீரு?"

"பாத்துக்கிட்டுத்தான மாமா இருக்கேன்."

"பாரும், பாரும். சாரல் விழுந்து, சீசனும் முடிஞ்சு, மறு சாரலும் வரட்டும்."

வெளியே இப்படி என்றால், வீட்டில் வேறு மாதிரி. அவன் மனைவி வள்ளித்தாய். கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம். ஐந்து வயதில் ஒரு பெண், ரெங்கம்மாள். அந்த வீட்டில் அவன் சாப்பிட்டு எழுந்த வட்டிலில்தான் வள்ளித்தாய் சோறு போட்டுச் சாப்பிடுவாள். வட்டில் என்றால் சாப்பிடுகிற பித்தளைத் தட்டு. அவள் அம்மா அப்படி, அவளும் அப்படி. அதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை, விளக்கேற்றுவது மாதிரி தினப்படி நடக்கிற காரியம்.

மாசி மாதத்திலிருந்து செல்லச்சாமி சாப்பிட்டதும் வட்டிலைத் தானே தூக்கிக்கொண்டுபோய், சாம்பல் போட்டுத் தேய்த்து, கொல்லை மாடத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்தான். ஆம்பிளை வட்டில் தேய்க்கிறதை அடுத்த வீட்டு ஜன்னத் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள். "பட்டாளத்துப் பழக்கம்" என்று சமாளித்தான். பட்டாளத்திலிருந்து வந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று ஜன்னத் கேட்கவில்லை, வள்ளித்தாயும் கேட்கவில்லை. பாயைத் தனியாகப் போட்டுக்கொண்டான். புழுக்கம் என்றான். ரெங்கம்மாள் ஓடிவந்து காலைக் கட்டினால், "போளா, உடம்பெல்லாம் கிரீஸ்" என்று விலக்கினான். குளித்து முடித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நிற்கும்போதும் அதையே சொன்னான். பிள்ளை இரண்டு மூன்று தடவை வேட்டியை மோந்து பார்த்துவிட்டு, அப்புறம் வருவதை நிறுத்திக்கொண்டது. அன்றைக்கு அவன் கொட்டகைக்குப் போய் அலமாரியின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

பங்குனியில் ஒருநாள் சுண்டுவிரலில் கொப்புளம் இருந்தது. எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியாது. வள்ளித்தாய் தேங்காய் எண்ணெயோடு வந்து கையைப் பிடித்தாள். வெடுக்கென்று உருவிக்கொண்டான்.

"வேலையில பட்டிருக்கும்."

"எந்த வேலையில? பட்டறைதான் தெறக்கலையே" என்றாள் அவள். அதோடு விட்டுவிட்டாள். அந்த வாரம் பண்பொழி திருமலைக் கோயிலுக்குப் போய்ப் படியேறிவிட்டு வந்தாள். என்ன வேண்டுதல் என்று அவன் கேட்கவில்லை, கேட்கப் பயம்.

ஆனி பிறந்தது. மேற்கே மலையில் மேகம் இறங்கியது, ஊருக்குள் சாரல் பூப்பூவாக விழுந்தது. மதுரை வண்டி, மெட்ராஸ் வண்டி, கொழும்புக்காரர்கள் வாடகைக்குப் பிடித்த வண்டி என்று குற்றாலத்துக்குப் போகிற கார்கள் செல்லச்சாமியின் கொட்டகை வாசல் வழியாகத்தான் போயின. இருமிக்கொண்டும் புகை கக்கிக்கொண்டும் சில போயின. இன்ன கோளாறு என்று உள்ளே இருந்தபடியே அவன் காது சொல்லிற்று. கால்கள் வாசலுக்கும் அலமாரிக்குமாக நடந்தன. ஒரு நல்ல வேட்டைநாயைச் சங்கிலியில் கட்டிப்போட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தான்.

ஆடி முதல் வாரம் சேக் மைதீனிடம் போய், "மாமா, இரும்புத் தகடு போடுவோம்" என்றான்.

"சாரல்ல துருப்பிடிச்சுப் போகும்வே. வேற ஆளுக்கு நீரே இதச் சொல்லுவீரு."

"ஷெட்டுல பதினோரு வருசம் இரும்பு மேசை முன்னாலதான மாமா நின்னேன். கை அதுலதான் பழகிக் கெடக்கு."

அவன் மனசில் இருந்த கணக்கு வேறு. இரும்பு மேசையில் நின்ற காலத்தில் கை நன்றாக இருந்தது. அதே மாதிரி மேசை முன்னால் போய் நின்றால் கையும் பழையபடி ஆகிவிடாதா? படித்தவர்கள் சிரிப்பார்கள். பயந்தவனுக்கு அது ஒரு யோசனையாகத்தான் தோன்றும்.

பழைய அரிசி மில் ஒன்றில் கழித்துப் போட்ட கனத்த தகடு கிடைத்தது. நாலு பேர் தூக்கி அலமாரிகள்மேல் வைத்தார்கள். மொட்டைக்குத் தலை வந்தது. சேக் மைதீன் எட்ட நின்று பார்த்துவிட்டு, "கல்யாணப் பொண்ணு தலையில அம்மிக்கல்ல வச்ச மாதிரி இருக்கு" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் ஒரு கார் விக்கி விக்கி நின்றது. உள்ளே குளியலுக்கு வந்த ஒரு குடும்பம். டிரைவர் இறங்கி, "அண்ணாச்சி, கொஞ்சம் பாருங்க" என்றான்.

இனித் தப்பிக்க வழியில்லை. செல்லச்சாமி கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டு வந்தான். பதினோரு வருஷம் நின்ற மாதிரியே நின்றான். வலது முழங்கையைத் தகட்டின் விளிம்பில் ஊன்றி, கார்புரேட்டரைக் கண்ணுக்கு நேரே பிடித்து, இடது கையால் திருப்புளியைத் திருகினான். உடம்பின் பாரமெல்லாம் முழங்கைக்கு இறங்கியது. தகடு இன்னும் சரியாக முடுக்கப்படவில்லை. சற்றே நகர்ந்தது. முழங்கை வழுக்கி, உள்பக்க எலும்பு விளிம்பில் மடாரென்று இடித்தது.

முழங்கையிலிருந்து சுண்டுவிரல் நுனிவரைக்கும் சுரீரென்று ஒன்று ஓடியது. கார்புரேட்டர் கீழே விழுந்தது. ஆனால் அவன் அதைப் பார்க்கவில்லை. ஆறு மாதமாகச் செத்துக் கிடந்த இரண்டு விரலிலும் எறும்பு ஊறியது. மற்ற மூன்று விரலிலும் ஒன்றுமில்லை, அந்த இரண்டில் மட்டும்.

முழங்கையைத் தூக்கித் தானே இன்னொரு தடவை இடித்தான். மறுபடியும் சுரீர். மறுபடியும் அதே இரண்டு விரல்.

"ஏ மாப்ள! என்னவே, பித்துப் பிடிச்சிட்டா?" என்று சேக் மைதீன் ஓடிவந்தார்.

செல்லச்சாமி சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையைத் தடவிப் பார்த்தான். தோல் காய்த்துப்போய் மாட்டுக் குளம்பு மாதிரி இருந்தது. பதினோரு வருஷத்தில் ஒருநாளும் அவன் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. தன் முழங்கையை யார்தான் பார்க்கிறார்கள்?

கார்புரேட்டரை எப்படியோ மாட்டி வண்டியை அனுப்பினான். மறுநாள் காலையில் வள்ளித்தாயிடம், "திருநெல்வேலி வரைக்கும் போய்க் கல்லு பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு முதல் பஸ் ஏறினான்.

"இரும்பு போட்டாச்சுன்னு சொன்னியளே?" என்றாள் அவள். அவன் காதில் விழாத மாதிரி நடந்தான்.

ஆஸ்பத்திரியில் வயதான ஒரு டாக்டர். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தார், காது மடலைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், உடம்பு முழுவதும் எங்கெங்கோ ஊசியால் தொட்டுத் தொட்டு, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டார். அந்த இரண்டு விரலைத் தவிர எல்லா இடத்திலும் தெரிந்தது. கடைசியில், "என்ன வேலை?" என்றார். சொன்னான்.

"எப்படி நின்னு செய்வீங்க? செஞ்சு காட்டுங்க."

செல்லச்சாமி டாக்டரின் மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி, மருந்துக் குப்பியைக் கார்புரேட்டராகத் தூக்கிப் பிடித்தான். டாக்டர் எழுந்து வந்து அவன் முழங்கைக்குப் பின்னால் ஒரு விரலால் தட்டினார். சுரீர் என்றது.

"இங்க ஒரு நரம்பு எலும்பை ஒட்டி ஓடுது. அதை இத்தனை வருஷமா இரும்புல வச்சு நசுக்கியிருக்கீங்க. நீங்க பயப்படுற நோய் இல்ல. அந்த நோய்க்கும் இப்ப மாத்திரை வந்தாச்சு, அது வேற விஷயம். முழங்கைய ஊனாதீங்க. மெதுவாத் திரும்பும். முழுசாத் திரும்புமான்னு என்னைக் கேக்காதீங்க." எழுதிக்கொண்டே, "வீட்டுல சம்சாரம் என்ன சொன்னாங்க?" என்றார்.

"அவகிட்டச் சொல்லல சார்."

டாக்டர் பேனாவை நிறுத்தி ஒருமுறை அவனைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

திரும்புகிற பஸ்சில் சந்தோஷப்பட வேண்டியவன், ஆலங்குளம் தாண்டுவதற்குள் மறுபடியும் தவிக்கத் தொடங்கினான். வராத நோயைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வது? வந்ததாக நினைத்ததையே சொல்லவில்லையே. நல்ல சேதியைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் ஆறு மாதத்துப் பொய்யைச் சொல்ல வேண்டும். பஸ்சை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகிற கால் சேக் மைதீன் பட்டறைக்குப் போயிற்று.

"மாமா, அந்த வேங்கைப் பலகை இருக்கா?"

"பங்குனியில கொண்டாந்தேனே, அதா?"

"அதேதான். இரும்ப எடுத்துருவோம். பலகை விளிம்ப மட்டும் நல்லா உருட்டி இழைச்சுக் குடுங்க. முழங்கைய வச்சா உறுத்தப்பிடாது."

சேக் மைதீன் அவனை மேலும் கீழும் பார்த்தார். அவர் நாக்கில் வந்தது எல்லாம் நல்ல வார்த்தை அல்ல. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார். "இழைச்சு வைக்கேன். நீரு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னும்வே. மூஞ்சி வெளுத்துக் கெடக்கு" என்றார். அந்த வேங்கைப் பலகைதான் பிறகு கடைசிவரை அந்தப் பட்டறையில் கிடந்தது. எண்ணெய் குடிக்கத்தான் செய்தது.

வீட்டில் ரெங்கம்மாள் ஜன்னத் வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். வள்ளித்தாய் வட்டிலை வைத்துச் சோறு போட்டாள். செல்லச்சாமி பாதிச் சோறு தின்றுவிட்டு, மீதியைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"வள்ளி, நான் கல்லு பாக்கப் போகல. ஆஸ்பத்திரிக்குப் போனேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"பங்குனியில கொதிக்குத சருவச்சட்டியத் துணியால பிடிச்சு எறக்கி வச்சியளே, அன்னைக்கே தெரியும். துணிக்கு வெளிய கெடந்த சுண்டுவெரலு பொசுங்குது, நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே நிக்கிய."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "பெறகு ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல?" அவள் குரல் உயர்ந்தது. "இன்னைக்குச் சொல்லுவிய, நாளைக்குச் சொல்லுவியன்னு நாலு மாசமாக் காத்துக் கெடக்கேன். என்னைய யாருன்னு நெனைச்சிய?"

"அது இல்லையாம் வள்ளி. அந்த நோய் இல்லையாம். இரும்புல முழங்கைய ஊனி ஊனி நரம்பு மரத்துப் போச்சாம். டாக்டர் சொல்லிட்டாரு."

வள்ளித்தாய் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கோபம் தணியவில்லை.

"இருந்தாத்தான் என்ன? நீங்க தேச்சு மாடத்துல கவுத்தி வைப்பியள்ளா, அந்த வட்டில எடுத்துத்தான் நான் தெனமும் சாப்பிட்டேன். தின்னுட்டு, நீங்க வச்ச மாதிரியே திரும்பக் கவுத்தி வச்சேன். இவுகளுக்கு வாரது எனக்கும் வரட்டும்னு." அவள் குரல் உடைந்தது. "பிள்ளைக்கு மட்டும் வேற வட்டில்ல போட்டேன்."

செல்லச்சாமிக்கு அழுகை வந்தது. அதையும் பட்டாளத்துப் பழக்கமாக அடக்கப் பார்த்தான், முடியவில்லை. பாதிச் சோற்றோடு எழுந்தான். ஐந்து மாதப் பழக்கத்தில் கை தானாக வட்டிலைத் தூக்கப் போயிற்று.

"அங்கனயே வைங்க" என்றாள்.

வைத்தான். அவள் அந்த வட்டிலைத் தன் பக்கம் இழுத்து, மீதிச் சோற்றின்மேல் ஒரு அகப்பை போட்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். அவன் எச்சில் கையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன பாக்கிய? கை காயுது. போய்க் கழுவிட்டு, ஜன்னத் வீட்டுல இருந்து பிள்ளையத் தூக்கிட்டு வாங்க."